ஐம்பது ஹெர்ட்ஸ்

கணபதியில் மோட்டார் கட்டும் கடை என்னுடையது.
மூன்று எச்.பி., ஐந்து எச்.பி.,
கிணற்றில் விழுந்தது, எலி கடித்தது,
ஒற்றை ஃபேஸில் ஓடிக் கருகியது.

பதினோரு வருசத்துக்கு முன்னால்
பெருந்துறைக்காரர் ஒருவர்
வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து வைத்தார்
சோப்புக்கட்டி அளவில் ஒரு காயில்.
‘ஏனுங்க்கா, இதைச் சுத்தித் தருவீங்ளா?’
தலைமுடியைவிட மெல்லிய கம்பி.
எதில் மாட்டுவது என்று கேட்டேன்.
மறுநாள் முழுதாகவே கொண்டுவந்து சாய்த்தார்:
கறுப்பு எனாமல் பூசிய நான்கு கம்பிக் கிடார்.
பெயர் சென்னியப்பன். மெல்லிசைக் குழுவில் பேஸ்.
முன்பணம் நூற்றைம்பது.
எட்டாயிரம் சுற்று, மூன்று முறை அறுந்து
நான்காவதில் நின்றது.
அவர் திரும்பி வரவில்லை.

வராதவர் பொருளை எல்லோரும்
ஆறு மாதம் பார்த்துவிட்டு எடைக்குப் போடுவார்கள்.
நான் எமரித்தாள் எடுத்தேன்.

கறுப்புக்குக் கீழே டிராக்டர் சிவப்பு.
அதற்கும் கீழே
ஓரம் இருண்டு நடுவில் கருப்பட்டிப் பாகாய்த் திறந்தது
ஜப்பான்காரன் அடித்த முதல் பூச்சு.
கட்டைவிரல் ஊன்றிய இடத்தில் மட்டும் வெறும் மரம்.

அதை அப்படியே விட்டிருக்க வேண்டுமாம்.
பழைய பூச்சுக்குத்தான் விலையாம்.
பெங்களூரில் சேகரிக்கிற ஒருவர்
போனில் ஏறக்குறைய அழுதார்.
எனக்கென்ன தெரியும்?
பழைய பெயின்ட்டுக்காக ஒரு பம்புசெட்டைக்
கூடுதல் விலைக்கு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.
மரம் முழுக்கத் தெரியும்வரை தேய்த்தேன்.
கடையில் இருந்த நிறம் மோட்டார் பச்சை.
அடித்தேன்.

அடுத்தது போத்தனூர் ரயில்வே காலனியில், கட்டிலுக்கு அடியில்.
ஈரோட்டு சர்ச் பரணில் இரண்டு, புறா எச்சத்தோடு.
கரூரில் ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
இப்போது பதினான்கு.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடங்கி
ஐப்பசி மழை இறங்குவதற்குள் கிடைக்கும்
மூன்று வாரத்தில்தான் லாக்கர்.
முந்தினால் தூசு ஒட்டும், பிந்தினால் வெள்ளை பூக்கும்.
தவறினால் அடுத்த வருசம்.

வாசிக்கத் தெரியாது.
ஒரே ஓர் இடம் தெரியும்:
தடித்த கம்பி, மூன்றாம் ஃபிரெட்.
அது நாற்பத்தொன்பது.
ஆம்ப்ளிஃபையரில் சும்மாவே உறுமும் கரண்ட் ஐம்பது.
இரண்டும் உரசி
நொடிக்கு ஒரு தரம் வீங்கி வடியும்.
சோமனூர்த் தறியெல்லாம் ஓட, ஊரெல்லாம் விளக்குப் போட,
சாயங்காலம் அந்த வீக்கம் கொஞ்சம் தாமதிக்கும்.
மீட்டர் வேண்டாம் எனக்கு.

போன புதன் சென்னியப்பன் வந்தார்.
நேற்றுப் போனவர் மாதிரி ரசீதை நீட்டினார்.
என் கையெழுத்துதான். பாக்கி முந்நூறு.
இடது கையில் ஒரு விரல் மடங்கவில்லை. நான் கேட்கவில்லை.
பச்சையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.
‘நான் காயில் மட்டுந்தானுங் சொன்னேன்.’
‘ஆமாங்.’
‘கெணத்து மோட்டராட்ட இருக்குதுங்.’
‘ஆமாங்.’

ஒயரைச் செருகினேன்.
உறுமலைத் தலைசாய்த்துக் கேட்டார்.
வலது கட்டைவிரல் பழைய பள்ளத்தைத் தேடி
வழவழப்பில் ஒருமுறை வழுக்கி
நின்றது.
இடது கை நேராக மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போனது,
யாரும் சொல்லாமல்.
வீங்கி வடிந்தது. வீங்கி

கரண்ட் போய்விட்டது.

தெருவில் லேத்துகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய
சற்று நேரம் ஆனது.
அதன் பிறகும் கம்பி நிற்கவில்லை போலிருக்கிறது.
எனக்குக் கேட்கவில்லை.
வயிற்றோடு அணைத்திருந்தவர்
‘இருங்’ என்று கையைக் காட்டினார்.

இருட்டிலேயே முந்நூறை எண்ணி வைத்தார்.
பெயின்ட்டுக்குக் காசு நான் கேட்கவில்லை,
அவரும் தரவில்லை.
பம்பு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச்
சுற்றிக் கட்டிக் கொடுத்தேன்.
‘இந்தப் பக்கம் மேலே’ என்று அச்சடித்திருந்தது.
பஸ் ஏறும்போது
தலைகீழாகத்தான் பிடித்திருந்தார்.