எண் ஏழுக்குப் போகவும்

வயிற்றுச் செதில்கள் வழுவழுப்பானவை எனில்
எண் நான்குக்குப் போகவும்.
செதிலின் நடுவே வரம்பு ஓடினால்
எண் ஏழுக்கு.

மூன்று வாரமாக நான்குக்கும் ஏழுக்கும் இடையில்
நடந்துகொண்டிருக்கிறேன்.
சாந்தோ தொமிங்கோவில் மழை.
அருங்காட்சியகக் கூரை ஒழுகும் இடத்தில்
யொகாஸ்தா வாளி வைத்திருக்கிறாள்.
சொட்டு விழுந்தால் எண்ணிக்கை தப்பும்.

பின்னங்காலின் நான்காம் விரல்.
அடியில் அடுக்கிய பட்டைகள் பதினேழு.
திரும்ப எண்ணினால் பதினெட்டு.
கடைசியைப் பட்டை என்பதா
தோலின் சுருக்கம் என்பதா?
அந்தச் சுருக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது
இந்த அனோல்
ஏற்கெனவே பெயருள்ளதா,
இதுவரை யாரும் கூப்பிடாததா என்பது.

என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை உடம்பு.
வாலையும் சேர்த்தால்
பாதி தீர்ந்த பென்சில்.

உயிரோடிருந்தால் தொண்டை விசிறியே சொல்லிவிடும்.
ஆண் தலை நிமிர்த்தி
மோவாய்க்கடியில் மடித்து வைத்திருப்பதை
ஒரு நொடி விரிக்கும்.
ஆனால் சாராயம் முதலில் குடிப்பது
அந்த நிறத்தைத்தான்.
புட்டிகளில் நாற்பத்தொரு தொண்டைகள்,
எல்லாம் ஊறிய காகிதம்.
பழைய சீட்டில் யாரோ எழுதியிருக்கிறார்:
"தொண்டை மஞ்சள்."
எந்த மஞ்சள், ஐயா?
முட்டைக்கருவா?
எலுமிச்சைத் தோலா?
காமாலைக் கண்ணா?

ஆகவே மலையேறினோம்.
பஹோருகோவின் மேற்குச் சரிவு,
எல்லைக்கு இப்பால், காப்பித் தோட்டம்.
பகலில் கண்ணெதிரே இருந்தும் ஒளிந்துகொள்பவை
இரவில் குச்சிநுனியில் உறங்கும்.
நெற்றி விளக்கு பட்டதும்
வெளிறித் தனியே தெரியும்.
ஒன்பதைப் பறித்தோம்,
காய் பறிப்பதுபோல.

காப்பி பறிக்கும் மிர்லாந்த்
அறுந்த கூடைவாரை முடிந்தபடி வந்தாள்.
அவள் மொழியில் எல்லாமே ஸாந்தோலித்.
சின்னதும் பெரியதும்,
பச்சையும் மரப்பட்டை நிறமும்.
விளக்கின் விலை கேட்டாள்.
பிறகு, கேட்காமலே:
"என் வரிசையில் மூன்றாவது செடியில் இரண்டு சாதி.
மஞ்சள் தொண்டைக்காரன்
இன்னொரு மஞ்சளைக் கண்டால் கடிப்பான்.
சாம்பல் தொண்டைக்காரன் பக்கத்தில் நடந்தால்
விசிறியைத் திறப்பதுகூட இல்லை.
உதிர்ந்த இலையைப் பார்ப்பதுபோல
பார்த்துக்கொண்டிருப்பான்."

இனம் என்றால் என்னவென்று
ஐந்து நூல்களில் படித்திருக்கிறேன்,
ஐந்து விதமாக.
ஆறாவதைச் சொல்லிவிட்டு
அவள் வாரை இழுத்துப் பார்த்தாள்.
முடிச்சு நின்றது.

இறங்கும்போது அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம்.
சோதனைச் சாவடி.
சிப்பாய் முதலில் துணிப்பைகளைக் கேட்டான்.
ஒன்பது பல்லிகளுக்கும்
மூன்று முத்திரை குத்திய அனுமதித்தாள் இருந்தது.
பிறகு விளக்கை அவள் முகத்தில் அடித்தான்.
எங்கே பிறந்தாய்?
அவள் கைகாட்டினாள்,
நாங்கள் இறங்கிவந்த அதே சரிவை.
காகிதம் எங்கே?

வெளிச்சத்தில் அவள் அசையவில்லை.
ஓட்டுநர் எலாதியோ இறங்கிப்போய்
சிகரெட் பெட்டிக்குள் ஐந்நூறு பெசோவை மடித்துக் கொடுத்தான்.
நான் தாளைப் பிடித்தபடி
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
முத்திரைகள் மூன்றும் மிகத் தெளிவாக இருந்தன.

விடியலில் பைகளைத் திறந்தேன்.
ஒன்றே ஒன்று விரித்துக் காட்டியது.
மஞ்சள்தான்.
விளிம்பில் மட்டும்,
பெயர் தெரியாத ஒரு சாம்பல்.

இப்போது சீட்டு எழுதவேண்டும்.
பென்சிலால்தான், மை சாராயத்தில் கரையும்.
இடம், உயரம், தேதி.
இனப்பெயர் எழுதும் இடத்தில் ஒரு கேள்விக்குறி.
தகவல் தந்தவர் என்ற இடத்தில் கை நின்றது.
வண்டியிலிருந்து இறங்கும்போது
அவள் பேசியது ஒன்றுதான்:
என் பெயரை எங்கும் எழுதாதே.

ஒரு கோடு போட்டேன்.

வாளி நிரம்பிவிட்டது.
யொகாஸ்தா கொட்டிவிட்டு வரும்வரை
சொட்டுகள் தரையில் விழுகின்றன.
பதினேழு.
வயிற்றுச் செதில்களில்
சாய்த்துப் பிடித்தால் மட்டும்
வரம்பு இருப்பதுபோலத் தெரிகிறது.