சேதமான செவ்வகம்

வெல்டிங் கடை சகாயம் கேட்டார்:
"இன்னா நசீரா, ஜன்னல் செய்றியாமே?
கிரில்லு நம்மகிட்ட போட்டுக்கோ."
இல்லண்ணே, இது கம்ப்யூட்டர் திரைக்குள்ள, என்றேன்.
"தெரைக்குள்ள இன்னாத்துக்கு ஜன்னலு?
காத்து வருமா? கொசுவாச்சும் வருமா?"
மூன்று மாதமாகிறது,
அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை, மணிக்கூண்டுக்குப் பின்னால், மாடியறை.
காயலான் கடையில்
எடைக்கு வாங்கிய பெட்டி.
ஒரு ஜிபி நினைவகம்.
அதில் பாதியை
நிழலும் மினுக்கும் வழுக்கி வரும் பட்டியல்களும்
தின்றுவிட்டு
மிச்சத்தில் என்னை உட்காரச் சொல்லின.
பந்தலுக்கே பணம் தீர்ந்துபோன
கல்யாண வீடு மாதிரி.

அதனால் நானே எழுதத் தொடங்கினேன்,
சி மொழியில்,
இன்றைக்கு மூவாயிரத்து நூற்றிப் பதினெட்டு வரி.
யாரும் எடுக்கலாம், திருத்தலாம்,
திட்டிவிட்டும் போகலாம்.

ஜன்னல் என்பது நான்கு எண்கள்.
இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு,
அகலம், உயரம்.
அப்புறம் எது எதன்மேல் என்றொரு வரிசை.
அவ்வளவுதான் என்று
இரவு இரண்டு மணி வரை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு மணிக்கு மேல்தான் தெரியும்,
மேலே கிடப்பதை நகர்த்தினால்
கீழே கிடந்ததற்குத்
தன் முகம் ஞாபகமிருக்காது என்று.
யாராவது போய்ச் சொல்ல வேண்டும்:
உன் வலது மூலை வெளியே தெரிகிறது,
வந்து வரைந்துகொள்.
முழுசும் வேண்டாம்,
சேதமான செவ்வகம் மட்டும் போதும்.

எங்கள் சுவருக்கும் அதே கணக்கு.
வெள்ளம் நின்ற இடுப்பளவுக்கு ஒரு வெள்ளை,
அதற்கு மேலே
வேறேதோ வருஷத்து வெள்ளை.

விசைப்பலகை ஒரு நேரத்தில்
ஒரு ஜன்னலுக்குத்தான் சொந்தம்.
சுட்டி எதன்மேல் நிற்கிறதோ அதற்கே என்று
விதி வைத்தேன்.
கீழே துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி போகும்,
மேசை அதிரும்,
சுட்டி ஒரு புள்ளி நகரும்,
பாதி வாக்கியம்
பக்கத்து ஜன்னலில் போய் விழும்.
நகர்ந்தது கையா சாலையா என்று பார்க்க
நூற்றிருபது மில்லிநொடி பொறு என்று எழுதினேன்.
அந்த மாறிலிக்குப் பெயர் லாரி.
எங்கோ லாரியே போகாத ஊரில் ஒருவர்
இந்த வரியைப் படித்து
தலையைச் சொறியட்டும்.

முதலில் போட்டுப் பார்த்தது
காசிமேட்டு ஐஸ் பிளாண்டில்.
பெல்சியா அக்காவின் பில் மேசை,
என்னுடையதை விடக் கிழட்டுப் பெட்டி,
உப்பில் துருவேறிய திருகாணிகள்.
இரண்டு நொடியில் எழுந்து நின்றது திரை.
நான் அக்காவைப் பார்த்தேன்.
அக்கா திரையின் நான்கு மூலையையும் பார்த்தார்.

"கடியாரம் எங்க?"

வைக்கவில்லை.
இலகு, இலகு என்று
ஒவ்வொரு கிலோபைட்டாகச் சீவிக்கொண்டே வந்தவள்
அதை நினைக்கவே இல்லை.

"நாலு மணிக்கு போட்டு வரும்,
நாலேகாலுக்கு இன்னொண்ணு வரும்.
மொதல்ல வந்தவன் யாருன்னு
அடிச்சிக்குவானுங்க.
கடியாரம் இல்லாம ஐஸ் எப்டிம்மா விக்கிறது?"

அங்கேயே, மீன்கூடைக்காரர்கள் எட்டிப் பார்க்க,
நாற்பத்தொரு வரி எழுதினேன்.
நொடி முள் வேண்டாம் என்றார் அக்கா,
அது ஓடினால் மனசும் சேர்ந்து ஓடுதாம்.
சரி, நிமிஷத்துக்கு ஒரு தடவை
அந்தச் சின்னச் செவ்வகம் மட்டும் சேதமாகும்.

ஓடவிட்டதும்
ஜனவரி ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது என்றது.
உள்ளே பேட்டரி செத்து எத்தனை வருஷமோ.
"நான் அப்ப பொறக்கவே இல்ல" என்றார் அக்கா,
இடுப்புப் பையிலிருந்து முப்பது ரூபாய் எடுத்து
கடைக்குப் பையனை அனுப்பினார்.

திரும்பும்போது மணி ஆறு.
ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார் சகாயம்.
வருதுண்ணே, என்றேன்.
இன்னா?
கொசு.
நேத்து ராத்திரி மட்டும் மூணு அடிச்சேன்,
ஒண்ணு தப்பிச்சிடுச்சு.