செருப்பை எங்கே விடுவது

வேப்பேரியில் அந்தக் கோயில் படியில்
செருப்பைக் கழற்றி விட்டேன், பழக்கதோஷம்.
உள்ளே போன பிறகுதான் பார்க்கிறேன்:
பாலிஷ் போட்ட ஷூக்கள், பட்டுப்புடவைக்குக் கீழே ஹீல்ஸ்.
என் பாதம் மட்டும் வெறும் தரையில்,
மழைக்கால ஈரத்தில்.

ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.
எழும்பூர் கோர்ட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பெஞ்ச் கிளார்க்.
கேள்விகள் எங்கள் பக்கம்தான் இருக்கும்.
பதில் சொல்லிப் பழக்கமில்லை.

சுவரில் மரப்பலகை. அதில் எண்கள்:
214
87
31
அங்கே எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.
இன்றைய வழக்குப் பட்டியல்.
எண்ணைக் கூப்பிட்டதும் யாரோ கூண்டில் ஏறுவார்கள் என்றிருந்தால்
எல்லோரும் எழுந்து பாடுகிறார்கள்.

எழுந்தார்கள், எழுந்தேன்.
உட்கார்ந்தார்கள், நான் நின்றுகொண்டிருந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் அரை நொடி பிந்தி,
பாஷை தெரியாத சாட்சி
மொழிபெயர்ப்பாளர் வாயைப் பார்ப்பது மாதிரி.

பக்கத்தில் ஒரு பையன், எஸ்றா, மூன்றாம் வகுப்பு.
சட்டைக் காலரை மென்றுகொண்டே
என் புத்தகத்தை வாங்கி, எச்சில் விரலால் புரட்டி,
"பதினொண்ணு" என்றான்.
அவனோ பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தான் அத்தனையும்,
தினம் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களைச் சொல்வதுபோல்.

பீடத்தில் ஊதாத் துணி.
"யாராவது தவறிட்டாங்களா?"
அவன் அம்மா சுகிர்தமலரிடம் மெதுவாகக் கேட்டேன்.
"இல்ல சார். வரப்போறாரு.
நாலு ஞாயிறு காத்திருக்கணும்."
வாய்தா, என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

தூணில் சலவைக்கல்:
இருபத்து மூன்று வயதில் காய்ச்சலில் போன
ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட்.
அவன் பெயருக்கு மேலே மின்விசிறி
கிறீச் கிறீச் என்று.

பிறகு அது வந்தது.
ஆயர் ஒரு வார்த்தை சொன்னார்,
இருநூறு பேர் முழங்காலில்.
யாரும் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை.
தேதி இல்லை, இடம் இல்லை, சட்டப்பிரிவு இல்லை.
ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள்,
செய்ததையும்
செய்யாமல் விட்டதையும்.

செய்யாமல் விட்டதையுமா!
அதையெல்லாம் பதிவு செய்தால்
எங்கள் ரெக்கார்டு ரூமில் இடம் போதாது.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"
எத்தனை ஆயிரம் முறை இந்தக் காதில் விழுந்திருக்கிறது.
இல்லீங்கய்யா. தெரியாதுங்கய்யா. பொய் கேசுங்கய்யா.
இங்கே பட்டுப்புடவைகள், ரயில்வே கார்டு, இரவுப்பணி முடித்து வந்த நர்ஸ்,
காலரை மெல்லும் எஸ்றா,
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆயரும்.
ஜட்ஜே இறங்கி வந்து கூண்டில் நின்ற மாதிரி.

என் வாயும் அசைந்தது.
சத்தம் வந்ததா தெரியாது.
தாம்பரத்தில் தம்பி இருக்கிறான்.
மூன்று வருடமாக அவன் கூப்பிடுகிறான்,
நான் எடுப்பதில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தீர்ப்பு.
ஒரு கை உயர்ந்து காற்றில் சிலுவை போட்டது.
அவ்வளவுதானா என்று சுற்றிப் பார்த்தேன்.
அவர்கள் ஏற்கனவே பதினைந்தாம் பக்கத்தில் இருந்தார்கள்.

அப்பத்துக்கும் ரசத்துக்கும் வரிசை நகர்ந்தபோது
வெறுங்காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு
வழிவிட்டேன்.
எஸ்றாவும் எழவில்லை.
"எனக்கும் இப்ப தரமாட்டாங்க அங்கிள்,
திடப்படுத்தல் முடியணும்."
நீளப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்.
அவன் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான்.

வெளியே நல்ல மழை.
படியில் விட்ட செருப்பை யாரோ எடுத்து
தாழ்வாரத்தில், நனையாத இடத்தில்,
ஜோடியாக வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை முதல் வழக்கின் எண்ணைப் படித்தேன்.
கொஞ்சம் ராகம் வந்துவிட்டது.
டவாலி சிரித்தான்.

தம்பி எண்ணை எடுத்துப் பார்த்தேன், அழுத்தவில்லை.
வரும் ஞாயிறு
செருப்போடு உள்ளே போவதா என்பதும்
இன்னும் முடிவாகவில்லை.