நான்காம் வெளியீட்டுக்கான உறைக்குறிப்பு

பாட்டு பிறந்த கதையை எழுதித் தா என்கிறார்கள்.
டிரம்ஸ் அடித்தவன் நீதானே,
மற்றவர்களைவிட உனக்கு ஞாபகம் அதிகம் என்று.
அதிகம்தான். அதுதான் தொல்லை.

ஓர்வோ எழுதியது எண்பத்து மூன்று, ஏப்ரல் கடைசி.
கெமி நகரத்துக் காகித ஆலை
அவிந்த முட்டைக்கோஸ் வாடையை வீடு வீடாகப் பரிமாறிய காலை.
மீன் புகையூட்டும் கொட்டகையில் எங்கள் பயிற்சி.
முக்கால் மணி தாமதமாக வந்தான்,
முழங்கால்வரை உருகுபனிச் சேறு.
வாயைத் திறக்காமல் மூன்று கார்டு வாசித்தான்,
பிறகு ஒரே வரி:
நீ இல்லை, நான் நடந்தே போகிறேன்.

யார் அந்தப் பெண் என்று நாங்கள் கேட்கவில்லை.
அது ஒரு மொபெட்.
நீல நிறம், இடது இண்டிகேட்டர் உடைந்தது.
முந்தின இரவு கொட்டகை வாசலிலிருந்து காணாமல் போனது.
அடுப்போரம் என் பூட்ஸ்
காய்ந்துகொண்டிருந்ததை எவரும் பார்க்கவில்லை.

முதல் வெளியீடு பி பக்கம். முந்நூறு தட்டுகள்.
ஏ பக்கத்தில் இருந்ததைப் பற்றி வேண்டாம்,
ஹில்க்காவின் அண்ணன் எழுதியது.
நூற்றெண்பது தட்டுகள்
அவள் கட்டிலுக்கடியில் ஒன்பது வருடம் தூங்கின.

எண்பத்தைந்தில் இரண்டாவது.
ஹெல்சிங்கியிலிருந்து வந்த தயாரிப்பாளர் கீபோர்டு சேர்த்தார்,
கைதட்டல் சேர்த்தார்,
என் டிரம்ஸைக் கிணற்றில் தள்ளி எட்டிப் பார்த்தார்.
முப்பத்தொன்பதாம் இடம். ஒரே வாரம்.

பிறகு தொண்ணூற்றேழு, பூட்ஸ் கம்பெனி விளம்பரம்.
பன்னிரண்டு நொடி: சேறு, கால்கள், அந்த வரி.
அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.
கல்யாணங்களில் போட்டார்கள், ஏனென்று இன்றுவரை புரியவில்லை.
அந்தப் பெண் நான்தான் என்று
மூன்று பேர் பத்திரிகைக்குச் சொன்னார்கள்.
ரொவனியெமியில் மருந்துக்கடை வைத்திருந்தவள் அழுதேவிட்டாள்.
ஓர்வோ மறுக்கவில்லை.
மறு வருடம் அவளையே கட்டிக்கொண்டான்.

இந்த நான்காவதில்
முதல் ஒலிப்பதிவை அப்படியே தருகிறார்களாம்.
தொடக்கத்தில் தடுமாறும் நாலு அடி கேட்கும்,
இரண்டு நெருங்கி, ஒரு இடைவெளி, ஒன்று,
மறந்தே போனதோ என்னும்போது இன்னொன்று.
எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
ஒவ்வொரு பொய் சொன்னேன்.

பீர் வாங்கி வர எடுத்தேன்,
கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான்.
திரும்பும்போது கடல்பனிமேல் குறுக்கு வழி.
ஏப்ரல் கடைசி என்று சொன்னேனே.
பனி என்னைத் தாங்கியது,
வண்டியைப் பற்றி யோசித்துப் பார்த்தது.
வயிற்றை அழுத்திக் குப்புறக் கிடந்தேன்.
கறுப்புத் தண்ணீரில் குமிழிகள் வந்தன:
இரண்டு நெருங்கி,
ஒரு இடைவெளி, ஒன்று,
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
கரைக்குத் தவழும்போதே விரல்கள் அதைப் பழகிவிட்டன.

ஓர்வோ,
ஒவ்வொரு மார்ச்சிலும் எட்டில் ஒரு பங்கு
என் கணக்குக்கு வருகிறது.
ஒருதரம்கூடத் திருப்பி அனுப்பவில்லை.
உன் மனைவியிடம் நீ உண்மையைச் சொன்னாயா தெரியாது,
அதில் நான் தலையிடவில்லை.
துறைமுகத்தின் இடது பக்கம், இரண்டாவது மிதவைக்கு நேரே.
சாவி அதிலேயே இருக்கிறது.

கம்பெனிக்காரர்களுக்கு:
இடம் போதாவிட்டால்
தட்டுகளின் எண்ணிக்கையை வெட்டிக்கொள்ளுங்கள்.