மேல்பதிவு

வினிபெக்கில் மரச்சாமான் கடைக்கு மேலே
ஒன்றரை அறை, ஒரே மைக்,
பதினோரு மொழிகள்.
நாடா வாங்கக் காசில்லை.
திங்களன்று உக்ரேனியத்தில் பேசியதை அழித்து
வியாழனன்று ஐஸ்லாந்து மொழி,
அதற்கும் மேல்
போர்ச்சுகீசியக் கால்பந்து.
உறைகளில் மூன்று கையெழுத்து,
இரண்டின் மேல் கோடு.

ஒரு மார்ச் மாதப் பனிப்புயல்.
கதவு திறக்கவில்லை. உள்ளே
ஓரிசியா ஹல்சுக் மட்டும்.
ஒவ்வொருவராய்த் தொலைபேசியில் எழுப்பி,
எழுத்துக்கூட்டி வாங்கி,
'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று
தெரியாத பத்து மொழிகளில் வாசித்தாள்.
ஐஸ்லாந்து மொழியில் ஓர் எழுத்துப் பிசகி
'பள்ளிகளுக்கு மயிர் அடர்ந்திருக்கிறது'
என்றாகிவிட்டது.
மறுநாள் ஸ்டெய்னுன் தன் நேரத்தில்,
குரலில் ஒரு சுருக்கமுமின்றி அறிவித்தாள்:
"சவரம் முடிந்தது.
நாளை வகுப்புகள் உண்டு."

ஸ்டெய்னுனின் அரைமணி பிறகு கால்மணியாகி,
ஒருநாள் அட்டவணையில் அந்த இடத்தில்
காப்பீட்டு விளம்பரம்.

அந்த இரண்டு வாக்கியங்களைத்தான்
நானும் மாரிவிக்கும் தேடுகிறோம்,
நானூற்றுச் சொச்சம் நாடாக்களில்.
கிடைப்பதெல்லாம் கால்பந்து.

நேற்று ஒன்றில்
லிஸ்பனில் கோல் விழுந்த ஆரவாரத்துக்கு அடியில்
ஒரு பெண் சிரித்தாள்.

இருமல் என்கிறாள் மாரிவிக்.
திரும்ப ஓட்டுகிறோம்.