கால் விநாடி

இயந்திரம் உள்ளே வர
ஜன்னலோடு சேர்த்துச் சுவரை இடித்தார்கள்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு ஒரு மணிக்கு
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
தார்ப்பாய் போர்த்தி ஊர்ந்து வந்தது,
வழி தவறிய தேர் மாதிரி.
காலையில் செங்கல் தூளைப் பெருக்கிய செங்கேணி கேட்டாள்:
"இதுக்குள்ள ஆளு போனா, வெளிய வருமா?"

வரும்.
அனுப்புவதும் நான், இழுப்பதும் நான்.
ஒன்பது வருடமாக என் பிழைப்பு மூன்று சொல்:
இழுங்க. பிடிங்க. விடுங்க.

பழைய இயந்திரத்துக்கு எலும்பு தெரியும்,
மூளையில் கசிந்த ரத்தம் தெரியும்.
இதயம் மட்டும் பிடிபடாது.
துள்ளுகிற மீனைப் படம் எடுத்தது போல
ஓரமெல்லாம் கலங்கி வரும்.
அப்போது ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம்:
'வெளியில் எடுத்து வரவும்.'
வெளியில் என்றால் பாலம் தாண்டி,
கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம்,
ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும் கவுன்டர்.
தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்கள்
பலர் திரும்பி வரவில்லை.
ஏன் வரவில்லை என்று கேட்க
எங்களிடம் படிவம் இல்லை.

இன்று முதல் டோக்கன் ருக்மாங்கதன்,
துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர்.
நாடித்துடிப்பு தொண்ணூற்றெட்டு.
மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம்.
எண்பத்தாறு.
"நியூட்ரல்ல போட்டாலும் எஞ்சின் உறுமிக்கினே கீதும்மா" என்றார்.
உறுமட்டும்.
இது ஓடுகிற வண்டியையும் பிடிக்கும்.
இரண்டு துடிப்புகளுக்கு நடுவே
இதயம் அசைய மறந்து நிற்கிற ஓர் இடம் உண்டு,
கால் விநாடி கூட இராது.
அங்கே.

நாக்கின் அடியில் மருந்து. கையில் ஊசி.
"சூடா ஒண்ணு உடம்பெல்லாம் ஓடும்.
ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும்.
போயிருக்க மாட்டீங்க."
எத்தனை முறை சொன்னாலும்
இறங்கியதும் எல்லோரும் லுங்கியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

கால்சியம் மதிப்பெண் பூஜ்யம், குழாய்கள் சுத்தம் என்றார் டாக்டர் பியூலா.
"ஸ்கூல்லயும் அதான் வாங்கினேன்" என்றார் ருக்மாங்கதன்.
சிரித்தார். பிறகு டீக்கடைப் பக்கம் போய்
தனியாக நின்று அழுதார்.

பதினோராவது டோக்கன் மெஹருன்னிசா,
வண்ணாரப்பேட்டையில் பாவாடைக்கு நாடா கோர்ப்பவள்.
மூன்று வருடம் வாயு என்றார்கள்.
ஓமத் தண்ணீர், சோடா, மறுபடி ஓமத் தண்ணீர்.
வீட்டில் நடிப்பு என்றார்கள்.
திரையில் அவளுடைய ரத்தக்குழாய்
முகத்துவாரத்தில் சாம்பல் சேர்ந்த கொசஸ்தலை போல
ஓரிடத்தில் நூலாகிக் கிடந்தது.
நான் எதுவும் சொல்லக் கூடாது.
முகம் என் பேச்சைக் கேட்காது, அதனால்தான் முகக்கவசம்.
டாக்டர் சொன்னபோது அவள் பயப்படவில்லை.
"அப்ப நான் பொய் சொல்லலைல்ல?" என்று மட்டும்
இரண்டு தடவை கேட்டாள்.

படத்துக்குக் கால் விநாடி.
வரிசைக்கு ஏழு வாரம்.
இந்த மாதத்திலிருந்து இரவு பத்து வரை ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள்;
அட்டை கொண்டு வந்தால் பணம் இல்லை,
அட்டை எடுத்து வர அரைநாள் கூலி போகும்.
லிஃப்ட் சித்திரையிலிருந்தே பழுது.
இதயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறித்தான்
இதயத்தைக் காட்ட வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்கு விளக்கை அணைக்கப் போனேன்.
வாசலில் வாளியோடு செங்கேணி.
"ஆடியிலேர்ந்து படி ஏறினா முதுகுல இழுக்குது,
தாடை வரைக்கும். யாராண்டயும் சொல்லல.
என் பேரையும் எழுதுறியா?"

பதிவேட்டைத் திறந்து
ஐப்பசிக்குப் போகிற பக்கத்தைப் பார்த்தேன்.
மூடினேன்.
டாக்டர் பியூலா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன்.

மெத்தையில் செங்கேணி.
பொத்தானில் என் விரல்.
இழுங்க என்று நான் சொல்வதற்கு முன்பே
எப்போதோ இழுத்த மூச்சைப்
பிடித்துக்கொண்டிருக்கிறாள்.