குஞ்சப்பனைக்கு மேலே, இரவு பத்தரை

மூன்று வளைவுக்கு அப்பால் மண் சரிந்து கிடக்கிறது.
அரவேனுவிலிருந்து ஜேசிபி வருகிறதாம்.
‘வருகிறதாம்’ என்ற சொல்லுக்கு
இப்போது நான்கு மணி நேரம் வயது.

பஸ்ஸின் முன்பாதியில் நாங்கள்:
கேரட் மண்டியில் பாக்கி கேட்கப் போய்
வெறுங்கையோடு வருபவர்,
பல் பிடுங்கிய கன்னத்தோடு ஒரு போஸ்ட்மேன்,
மேட்டுப்பாளையத்தில் குக்கர் கேஸ்கட்டும்
முதல் வெள்ளெழுத்துக் கண்ணாடியும் வாங்கிய நான்.
பின்பாதியில்
மண்டலப் போட்டியில் தோற்ற கைப்பந்து அணி.
ஒன்பது பெண்கள், இருபது பேர் சத்தம்.

தோற்றவர்கள் மாதிரியே இல்லை.
நடுவர் விசில் ஊதுவதை ஒருத்தி செய்து காட்ட
மற்றவர்கள் கம்பியில் தலை முட்டிச் சிரிக்கிறார்கள்.
போஸ்ட்மேன் கன்னத்தைப் பிடித்தபடி சொன்னார்,
“அந்த வயசு. கவலைன்னு ஒண்ணு உண்டா?”
கேரட்காரர் தலையாட்டினார்.
முன்பாதி முழுக்க ஒரு பெருமூச்சு.
நான் விடவில்லை.

எனக்குப் பதினேழு வயதில்
இதே சாலையில் ஒரு பஸ்
டயர் வெடித்து நின்றது.
மாற்று டயர் வரும்வரை
முட்டிகளை ஒட்டி வைத்துக்கொண்டு
காப்பிச் செடிகளை எண்ணினேன்.
அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். சொல்லவில்லை.
சொன்னால் கண்டக்டருக்குத் தெரியும்.
கண்டக்டருக்குத் தெரிந்தால்
ஏறக்குறைய உலகத்துக்கே தெரியும்.
நானூற்றுப் பன்னிரண்டு செடிகள்.
அந்த வருஷத்து மார்க் மறந்துவிட்டது,
இது மறக்கவில்லை.

அந்த வயதை யாராவது
பொட்டலம் கட்டித் திருப்பி நீட்டினால்
வாங்குவதற்கு முன் பிரித்துப் பார்ப்பேன்.

பின்பாதியில் சத்தம் கொஞ்சம் இறங்கியது.
விசில் ஊதியவள், நிரஞ்சனி என்று கூப்பிட்டார்கள்,
சிரிப்பை நிறுத்திவிட்டு
ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
முட்டிகள் ஒட்டியிருந்தன.
அந்த உட்காருதல் எனக்குத் தெரியும்.

எழுந்தேன்.
வலது முழங்கால் தன் பங்குக்குச் சத்தம் போட்டது.
“டிரைவரண்ணே, டார்ச் குடுங்க.
பொம்பளைங்க ஒண்ணுக்குப் போகணும்.”
போஸ்ட்மேன் அவசரமாக வெளியே இருட்டைப் பார்த்தார்.
“யானை நிக்கும்மா.”
“நிக்கட்டும். அதுவும் பொம்பளைன்னா
வரிசையில நிக்கட்டும்.”

ஒன்பது பேரும் இறங்கினார்கள்.
அவர்களுடைய டெய்சி மிஸ் கடைசியாக,
யாருக்கோ துணைக்கு வருவது போல.
தடுப்புச் சுவருக்குப் பின்னால் அவர்கள்.
சாலைப் பக்கம் டார்ச்சைத் திருப்பி
முதுகைக் காட்டி நின்றேன்.
ஈரப் புல்லில் பத்து மழை.

எங்கோ ஒரு பலாப்பழம் விழுந்தது. தொப்.
“யானை!”
முடித்தவளும் முடிக்காதவளும்
பேண்டைப் பிடித்துக்கொண்டு ஓட,
ஒருத்தியின் செருப்பு பள்ளத்துக்குப் போக,
அப்புறம் அந்தச் சிரிப்பு.
நடுச்சாலையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்து,
மூச்சு கிடைக்காமல்.
நானும்தான்.
இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு,
சிரித்தால் கொஞ்சம் கசியும்.
கசிந்தது. சொன்னேன்கூட.
எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

நிரஞ்சனி கைகொடுத்துப் படியேற்றினாள்.
“ஆன்ட்டி, உங்களுக்கு வெக்கமே இல்லையா?”
திட்டவில்லை.
கடையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்து
விலை கேட்பவளின் குரல்.
“இருந்துச்சு. எங்கயோ வெச்சுட்டேன்.”

இப்போது தூங்குகிறார்கள்.
ஒருத்தி தோளில் ஒருத்தி,
அவள் மடியில் இன்னொருத்தி,
எந்தக் கால் யாருடையது என்று தெரியாமல்
கழற்றிப் போட்ட ஸ்வெட்டர்கள் மாதிரி.
என் பக்கத்து இருக்கையில் என் பை.
சாய்ந்து தூங்க ஒரு தோள் வேண்டுமென்றால்
இந்த வயதில் யாரிடமாவது கேட்க வேண்டும்.
டார்ச் கேட்க வந்த குரல்
இதற்கு வரவில்லை.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
இருக்கை காலியாக இருக்கிறது.
ஜேசிபி வருகிறதாம்.